வேலைக்குப் போன பிறகு விசுவாசம் தேய்கிறது, என்ன செய்வது?

கேள்வி (ஜூன் 2)

அண்ணா, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. படிக்கும்போது காலை ஜெபம் தவறியதில்லை, வாலிபர் கூட்டத்தில் பாட்டு நடத்தியிருக்கிறேன். இப்போது வேதத்தைத் திறந்தே மூன்று வாரம் ஆகிவிட்டது. கூட வேலை செய்கிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் பேச்சு, சிரிப்பு, வார இறுதி எல்லாம் வேறு மாதிரி. நான் பெரிதாக எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனாலும் உள்ளே ஏதோ தேய்ந்துகொண்டே போகிறது. உலகத்தில் இருந்துகொண்டே உலகத்தால் பாதிக்கப்படாமல் இருப்பது நடக்கிற காரியமா? வேலையையே மாற்ற வேண்டுமா? பின்மாற்றம், விசுவாசத்தில் பின்வாங்கிப் போவது என்கிறார்களே, அது இதுதானா?

ஜூன் 2, இரவு

வேலையை மாற்றாதீர்கள் தம்பி. அடுத்த இடத்திலும் மனிதர்கள்தான் இருப்பார்கள்.

மற்றபடி விடை பழையதுதான். "இந்த உலகத்துக்கு ஒத்த வேஷம் தரிக்காதிருங்கள்" என்கிறது ரோமர் 12:2. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட தானியேலைப் பாருங்கள், பாபிலோன் கொடுத்த ஒன்றையும் அவன் தொடவில்லை. காலையில் போனை எடுப்பதற்கு முன் வேதம், வார இறுதிக் கூத்துகளுக்கு முதல் தடவையே 'இல்லை', உங்களைப் போல விசுவாசிக்கிற இரண்டு பேருடைய நட்பு. இந்த மூன்று வேலியையும் போடுங்கள், தேய்வது நின்றுவிடும். எனக்கு நின்றது.

ஜூன் 3, காலை

'எனக்கு நின்றது' என்று எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. அது முழு உண்மை இல்லை. அதைத் தனியாக எழுத வேண்டும், இப்போது நேரமில்லை.

அதற்கு முன் இரண்டு திருத்தம். வசனத்தை நான் மனப்பாடத்திலிருந்து அடித்தேன், தப்பு. பெரியவர் ஒருவர் பழைய மொழிபெயர்ப்பை எடுத்துக் காட்டினார்: "நீங்கள் இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்." உலகம் என்று அங்கே இல்லை.

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது. தானியேல் பாபிலோன் கொடுத்த ஒன்றையும் தொடவில்லை என்று எழுதினேன். முதல் அதிகாரத்தை மறுபடி படித்தால் கதை வேறு. கல்தேயரின், அதாவது பாபிலோன்காரரின், எழுத்தையும் பாஷையையும் படித்தான். பெல்தெஷாத்சார் என்ற பெயரை வைத்தார்கள், அந்தப் பெயரோடேயே இருந்தான். அது தன் தேவனுடைய நாமத்தின்படி வைத்த பெயர் என்று பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரே நான்காம் அதிகாரத்தில் சொல்கிறான்! அந்த அரசாங்கத்தில் உத்தியோகமும் பார்த்தான். அவன் மறுத்தது ராஜாவின் போஜனத்தையும் திராட்சரசத்தையும் மட்டும். அதையும் கத்தி மறுக்கவில்லை. பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று தன்னைக் கவனித்துக்கொண்டவனிடம் கேட்டுக்கொண்டான்.

பெயரை விட்டுக்கொடுத்தவன் ஏன் தட்டில் போய் நின்றான்? தீட்டுப்பட மாட்டேன் என்று தீர்மானித்தான் என்பதற்கு மேல் வசனம் சொல்லவில்லை. பிரசங்கிகள் பல காரணம் சொல்வார்கள். எனக்குப் படுவது இவ்வளவுதான்: எல்லா இடத்திலும் கோடு போட்டால் எந்தக் கோட்டிலும் நிற்க முடியாது.

ஜூன் 3, மதியம்

(பருப்பும் மரக்கறியும் மட்டும் சாப்பிட்டதால்தான் முகம் களையாக இருந்தது என்று ஒருவர் ஆரம்பித்திருக்கிறார். ஐயா, அதற்கு வேறு இழை தொடங்குங்கள்.)

'பிரபஞ்சம்' பற்றி ஒரு வார்த்தை. இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் நட்சத்திரமும் பால்வீதியும்தான் நினைவுக்கு வருகின்றன. மூலத்தில் இருப்பது 'அயோன்' என்ற கிரேக்கச் சொல். காலம், யுகம் என்று அர்த்தம். இந்தக் காலத்தின் போக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். பவுலின் உடன் ஊழியன் தேமா அவரை விட்டுப் போனான் அல்லவா, "இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து" என்று 2 தீமோத்தேயு 4:10 சொல்கிற இடத்திலும் அதே சொல்தான். அவன் கெட்டுப்போய் எங்கேயோ விழுந்துகிடந்தான் என்று அங்கே இல்லை, தெசலோனிக்கேக்குப் போனான் என்றுதான் இருக்கிறது. ஒரு நகரத்துக்குப் போனான், அவ்வளவுதான். அங்கே போய் ஒழுங்காக ஒரு வேலை பார்த்துக்கொண்டு, மரியாதையான மனிதனாகவே இருந்திருக்கலாம். இது என் ஊகம்.

'வேஷம்' என்பதும் அழகான மொழிபெயர்ப்பு. வேஷம் ஒரே நாளில் ஒட்டாது. தினமும் கொஞ்சம் பூசப் பூச, ஒரு நாள் கழுவினாலும் போகாது.

ஜூன் 5, இரவு

சரி, தள்ளிப்போட்டதை எழுதிவிடுகிறேன்.

பல வருடம் முன்பு நான் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். நான் விசுவாசி என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மேஜையில் வசன அட்டை இருந்தது. கெட்ட வார்த்தை பேசமாட்டேன், யாராவது பேசினால் முகத்தைச் சுளிப்பேன். என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துவார்கள். அதை நான் சாட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதக் கடைசியில் மேலதிகாரி ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்தார். முன்னமே சரிபார்த்திருக்க வேண்டிய கணக்கு, யாரும் பார்க்கவில்லை. தணிக்கை வருகிறது, பழைய தேதி போட்டு இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். பணம் ஒன்றும் காணாமல் போகவில்லை, யாருக்கும் நஷ்டமில்லை, வெறும் சம்பிரதாயம் என்றார். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வீட்டுக் கடன் வாங்கியிருந்த சமயம், பதவி உயர்வுப் பட்டியலும் வரவிருந்தது. போட்டுவிட்டேன். எட்டோ ஒன்பதோ காகிதம், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டாவது கையெழுத்து என் பக்கத்து மேஜைக்காரர் போட வேண்டியது. அவர் கோவிலுக்கும் போகமாட்டார், சர்ச்சுக்கும் வரமாட்டார். "நான் அன்னைக்குப் பார்க்கலையே சார், எப்படிப் போடறது?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் இடத்தில் வேறு ஒருவர் போட்டார்.

அடுத்த மாதம் அலுவலகத்தில் ஒருவருக்குப் பிரிவு விருந்து வைத்தார்கள். குடி இருக்கும் என்று தெரிந்ததால் நான் போகவில்லை. அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி நேரத்தில் எழுந்து அதைச் சொன்னேன். எல்லோரும் கேலி செய்தாலும் உலகத்தோடு ஒத்துப்போகாமல் கர்த்தர் என்னைக் காத்தார் என்று. ஸ்தோத்திரம் சொன்னார்கள். கேலி செய்தார்கள் என்பதும் பொய், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கையெழுத்து அன்றைக்கு என் மனதை உறுத்தவே இல்லை. எழுதக் கூசுகிற இடம் இதுதான். உலகம் என்றால் எனக்குக் குடி, சினிமா, ஆட்டம். அந்த வாசல்களில் எல்லாம் காவல் போட்டிருந்தேன். அது காகிதக் கட்டாக, சட்டை இஸ்திரி போட்டு, மரியாதையாக என் மேஜைக்கே வந்தது. அதற்கு வேலி இல்லை.

மூன்று வேலி போடுங்கள் என்று முதல் நாள் எழுதினேன் அல்லவா? எனக்கு மூன்றும் இருந்தன.

ஜூன் 6

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு கையெழுத்துக்கு இவ்வளவா என்று ஒரு சகோதரர் கேட்கிறார்.

கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் டேசியஸ் ஒரு ஆணை போட்டான். எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும், அதிகாரிகள் முன்னால் செய்து சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். லிபெல்லஸ் என்று அதற்குப் பெயர். நான் எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்தவன், இப்போதும் உங்கள் முன் செய்தேன், கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்கிற ரீதியில் எழுதிய மனுக்கள் நாற்பதுக்கும் மேல் எகிப்தின் பாப்பிரஸ் தாள்களில் கிடைத்திருக்கின்றன. அச்சுப் படிவம் மாதிரியே ஒன்றுபோல இருக்கும்.

கிறிஸ்தவர்களில் சிலர் மறுத்துச் செத்தார்கள். சிலர் பலியிட்டார்கள், கூப்பிடுவதற்கு முன்பே ஓடிப்போய்ப் பலியிட்டவர்களும் உண்டு என்று கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். மூன்றாவது ஒரு கூட்டம்தான் எனக்கு நெருக்கமானது. அவர்கள் பலியிடவில்லை, பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிவிட்டார்கள். நான் மண்டியிடவில்லையே, தூபம் போடவில்லையே, வெறும் காகிதம்தானே என்பது அவர்கள் வாதம்.

அடக்குமுறை ஓய்ந்ததும் இவர்களை என்ன செய்வது என்று சபைகள் கிழிந்துபோயின. 251-இல் கார்த்தேஜில் ஆயர்கள் கூடியபோது பலியிட்டவர்களையும் காகிதம் வாங்கியவர்களையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. காகிதக்காரர்களுக்குக் கதவு சீக்கிரம் திறந்தது. ஆனால் அது தப்பே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சிப்ரியான் அந்த நாட்களில் தலைமறைவாக இருந்தவர், அதற்காக ஏச்சும் வாங்கினார். பிறகு 258-இல் அவரே வெட்டுண்டு மரித்தார். தீர்ப்புச் சொன்னவர் கையிலும் கொஞ்சம் மை ஒட்டியிருந்தது என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

ஜூன் 9

போனில் வேதம் படிப்பது சரியா என்று இருவர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் அனுபவம்: லேவியராகமத்தில் குஷ்டரோகச் சட்டத்தை முழு மனதோடு படித்துக்கொண்டிருந்தேன். திரையின் மேலே ஒரு அறிவிப்பு எட்டிப் பார்த்தது. பத்து நிமிடம் கழித்து, எனக்கு அறிமுகமே இல்லாத ஒருவருடைய கல்யாணப் போட்டோக்களில் நாற்பதாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காகித வேதத்தில் அறிவிப்பு வராது. வாதம் முடிந்தது.

ஜூன் 11

அப்படியானால் வேலியே வேண்டாமா, எல்லா இடத்துக்கும் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, அப்படிச் சொல்ல வரவில்லை.

பழைய காலத்து ஆயர் அகஸ்டின் தன் நண்பன் அலிபியுசைப் பற்றி எழுதியது ஞாபகம் வருகிறது. ரோமில் படிக்கப் போன அலிபியுசுக்கு மனிதர்கள் வெட்டிக்கொண்டு சாகிற வேடிக்கை பிடிக்காது. கூட்டாளிகள் ஒரு நாள் இழுத்துப் போனார்கள். என் உடம்பைத்தான் இழுக்க முடியும், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், உங்களையும் ஜெயிப்பேன் இந்த ஆட்டத்தையும் ஜெயிப்பேன் என்று சவால் விட்டான். மூடவும் செய்தான். திடீரென்று கூட்டம் ஒரே குரலில் கத்தியது. என்னதான் ஆயிற்று என்று கண்ணைத் திறந்தான். ரத்தத்தைப் பார்த்தவன் பார்வையைத் திருப்பவில்லை. அடுத்த தடவை வேறு ஆட்களை அவனே இழுத்துப் போனான். கண்ணை மூடியவன் காதையும் மூடியிருக்கக் கூடாதா என்று அகஸ்டின் அங்கலாய்க்கிறார். அதே அலிபியுஸ் பின்னாளில் வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்ற ஊரின் ஆயரானார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

வேலி தேவைதான். ஆனால் அவரவர் காதுக்குத் தகுந்த இடத்தில் போட வேண்டும். எனக்குக் குடியில் ஆசையே கிடையாது, அங்கே வேலி போட்டுவிட்டுச் சாட்சி சொன்னேன். தொடர் நாடகம் என்றால் வேறு கதை. ஒரு சனிக்கிழமை இரவு இன்னும் ஒரு பகுதி, இன்னும் ஒரே ஒரு பகுதி என்று விடிய நாலு மணி வரை பார்த்தேன். காலையில் ஆராதனையில் தூங்கிவிட்டேன். விழிப்பைப் பற்றித்தான் அன்றைக்குப் பிரசங்கம். இதை எந்தச் சாட்சி நேரத்திலும் நான் சொன்னதில்லை.

ஜூன் 14

'உலகம்' என்ற சொல்லுக்கு வருவோம், ஏனென்றால் இங்கே ஆளாளுக்கு ஒரு உலகத்தை வைத்துப் பேசுகிறோம்.

"உலகத்திலும் உலகத்திலுள்ளவைகளிலும் அன்புகூராதிருங்கள்" என்கிறது 1 யோவான் 2:15. யோவான் 3:16-இல் தேவன் "இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்". இரண்டு இடத்திலும் கிரேக்கத்தில் ஒரே கோஸ்மோஸ், ஒரே அன்புச் சொல். தமிழிலும் அப்படியே விழுந்திருக்கிறது. தேவன் செய்ததை நாம் செய்யக் கூடாதா? சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் இதைக் கேட்டேன், உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது நான் வைத்திருக்கிற விடை இது. அடுத்த வசனமே எந்த உலகம் என்று சொல்லிவிடுகிறது: மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை, ஜீவனத்தின் பெருமை. மனிதர்களை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. நாம்தான் பட்டியலை விட்டுவிட்டு மனிதர்களை ஒதுக்குகிறோம்.

'ஜீவனத்தின் பெருமை'யைக் கவனியுங்கள். ஜீவனம் என்றால் பிழைப்பு. மூலத்தில் இருக்கிற சொல்லுக்கும் உயிர் வாழ்க்கை, பிழைப்புக்கான சொத்து இரண்டு அர்த்தமும் உண்டு. என் பிழைப்பு, என் பதவி, என் பெயர். இது சபைக்கு வெளியே மட்டும் இருக்கிற சரக்கு என்றா நினைக்கிறீர்கள்? பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் தரித்தவனுக்கு நல்ல இடம் கொடுத்ததாக யாக்கோபு கடிந்துகொள்வது சபையைத்தான். சாட்சி நேரத்தில் நான் எழுந்து நின்றேனே, அந்த ஐந்து நிமிடம் அந்த வாரத்திலேயே நான் உலகத்தை அதிகம் நேசித்த நேரம்.

ஜூன் 14, பிறகு

தெர்த்துல்லியன் என்ற ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் 197-இல் கிறிஸ்தவர்களுக்காக எழுதிய வாதுரையில் நம் பக்கத்து ஆட்கள் வருகிறார்கள்! கிறிஸ்தவர்களால் ஊருக்கு உபயோகமில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்கிறார். நாங்கள் பிராமணர்களோ இந்தியாவின் ஆடையற்ற ஞானிகளோ அல்ல, காட்டில் குடியிருக்கிறவர்களும் அல்ல. உங்கள் சந்தையிலும் குளியல் கூடத்திலும் கடையிலும் விடுதியிலும் உங்களோடுதான் இருக்கிறோம், உங்களோடு கப்பல் ஏறுகிறோம், உங்களோடு உழுகிறோம் என்கிறார்.

தம்பி, வேலையை விட வேண்டுமா என்ற கேள்விக்கு இதைவிடப் பழைய பதில் வேண்டுமென்றால் யோவான் 17:15 இருக்கிறது. உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி வேண்டவில்லை, தீமையினின்று காக்கும்படி வேண்டுகிறேன் என்று இயேசுவே ஜெபிக்கிறார்.

ஜூன் 15

தெர்த்துல்லியனைப் பாதிதான் காட்டினீர்கள் என்று ஒரு சகோதரி பிடித்துவிட்டார். நியாயம். அதே காலத்தை ஒட்டி அதே மனிதர் நாடகம், தேர்ப்பந்தயம், மல்யுத்தம் எல்லாவற்றுக்கும் எதிராக ஒரு முழு நூல் எழுதினார். கடைசி அதிகாரத்தில் நியாயத்தீர்ப்பு நாளை வர்ணிக்கிறார். ராஜாக்களும் தத்துவஞானிகளும் நடிகர்களும் எரிவதைப் பார்த்து நான் சிரிப்பேன், அதுவே பெரிய வேடிக்கை என்கிறார். வேடிக்கை பார்க்காதே என்று ஆரம்பித்தவர் வேடிக்கையில் போய் முடிக்கிறார்.

அவரைக் கேலி செய்ய எனக்குத் தகுதி இல்லை. மேஜையில் வசன அட்டை வைத்திருந்தவன் நான்.

ஜூன் 20

கொஞ்ச நாள் வரவில்லை. இடையில் ஒரு சகோதரி தனியாக எழுதியிருந்தார், அனுமதி வாங்கிக்கொண்டு சுருக்கமாகச் சொல்கிறேன். வயதான முதலாளியம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலை. அந்த அம்மா தன் மதப்படி வழிபடப் போகும்போது கைத்தாங்கலாகக் கூட்டிப்போக வேண்டும். உள்ளே நிற்பது பாவமா? அவருடைய சபையில் வேலையை விட்டுவிடச் சொல்லியிருக்கிறார்கள்.

2 இராஜாக்கள் 5-ஐப் படியுங்கள் சகோதரி. சீரிய படைத்தலைவன் நாகமான் எலிசா தீர்க்கதரிசியின் சொற்படி செய்து குஷ்டரோகம் நீங்கிக் குணமானதும், இனி கர்த்தருக்கே அல்லாமல் வேறு தேவர்களுக்குப் பலியிடமாட்டேன் என்கிறான். உடனே ஒரு விஷயத்தைக் கூச்சத்தோடு கேட்கிறான். என் எஜமான் என் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலுக்குள் பணிந்துகொள்ளும்போது நானும் குனிய வேண்டியிருக்கிறதே, கர்த்தர் அதை மன்னிப்பாராக. உங்கள் கைத்தாங்கல் அப்படியே இருக்கிறது பாருங்கள்.

எலிசா சொன்னது: "சமாதானத்தோடே போ." சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு எல்லா வழிபாட்டிலும் கலந்துகொள்ளலாம் என்று சட்டம் எழுதுகிறவர்களும் தப்பு செய்கிறார்கள், எலிசா இளகிவிட்டான் என்று சொல்கிறவர்களும் தப்பு செய்கிறார்கள் என்பது என் எண்ணம். நாகமான் மறைக்கவில்லை, தானாகவே முன்வந்து சொன்னான், வருத்தத்தோடு சொன்னான். என்னிடம் இல்லாமல் போனது அதுதான்.

நீங்கள் அந்த அம்மாவை விட்டுவிட்டு வந்தால் அவரை யார் தாங்குவார்கள் என்பதையும் உங்கள் சபையில் கேளுங்கள். "உலகத்தால் கறைபடாதபடிக்கு" என்ற யாக்கோபு 1:27-ஐ நாம் பாதியிலிருந்துதான் சொல்கிறோம். அந்த வசனத்தின் முதல் பாதி திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிப்பது.

ஜூன் 21

கெட்டவர்களோடு கலக்கக் கூடாது என்று பவுல் சொல்லியிருக்கிறாரே என்பவர்களுக்கு: 1 கொரிந்தியர் 5:10-ஐயும் சேர்த்துப் படியுங்கள். இவ்வுலகத்து ஆட்களைச் சொல்லவில்லை, அப்படியானால் நீங்கள் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்குமே என்கிறார். அவர் விலகச் சொன்னது சகோதரன் என்று பெயர் வைத்துக்கொண்டு அப்படி நடக்கிறவனை விட்டு. பொருளாசைக்காரனும் அந்தப் பட்டியலில் இருக்கிறான். அவனைச் சபையிலிருந்து விலக்கியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை, கமிட்டியில் சேர்த்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஜூன் 21, இரவு

கமிட்டி வரி கொஞ்சம் கடுமைதான். இருக்கட்டும்.

ஜூன் 28

வனாந்தரத்துக்கே போய்விட்டால் என்ன என்று ஒருவர். போனவர்கள் உண்டு. எகிப்தின் அந்தோணி ஏறக்குறைய இருபது வருடம் பாழடைந்த கோட்டையில் அடைத்துக்கொண்டு இருந்தார். சொத்து, சொந்தம், பெண் என்று விட்டுவந்தது அத்தனையும் துறவின் ஆரம்பத்திலேயே சோதனையாக வந்து நின்றது என்று அவர் வரலாற்றை எழுதிய அத்தனாசியுஸ் சொல்கிறார். கடைசியில் ஜனங்கள் கதவை உடைத்துக்கொண்டு அவரிடம் வந்துவிட்டார்கள்.

என் வீட்டில் நடந்த ஒன்று. பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள், எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதில் நான் கறார். போன வாரம் மகளுடைய போனை வாங்கி வைத்தேன். அவள் கோபப்படாமல் கேட்டாள்: "அப்பா, நீங்க தினமும் ராத்திரி செய்தி பார்த்துட்டு ஒரு மணி நேரம் கத்தறீங்களே, அது உலகம் இல்லையா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமையில் முள்ளுக்குள் விழுந்த விதையைப் பற்றி மாற்கு 4:19 மூன்று காரணம் சொல்கிறது. உலகக் கவலைகள், ஐசுவரியத்தின் மயக்கம், மற்றவைகளைப் பற்றிய இச்சைகள். இச்சை கடைசியில்தான் வருகிறது, கவலைக்கு முதல் இடம். நாற்பது வருடமாகக் கேட்கிற உவமை, இந்த வரிசையை இப்போதுதான் பார்க்கிறேன். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு எனக்கு எந்த இச்சையும் இல்லை. கடன் தவணைதான் மனதில் இருந்தது.

தம்பி, உங்கள் கேள்வியை மறுபடி படித்தேன். கூட்டாளிகளின் பேச்சு, சிரிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் உங்களைத் தேய்ப்பது அவர்களா? வேலை நிரந்தரமாகுமா என்ற பயமா? எனக்குத் தெரியாது, கேட்கிறேன்.

ஜூன் 29

இன்னொன்று பாக்கி இருக்கிறது. ஜூன் 5-இல் எழுதும்போது ஒரு வார்த்தையை வேண்டுமென்றே மழுப்பினேன். "ஒருவருக்குப் பிரிவு விருந்து" என்றேன். அந்த ஒருவர், கையெழுத்துப் போட மறுத்த அதே பக்கத்து மேஜைக்காரர். கையெழுத்து விஷயத்துக்குப் பிறகு மூன்றே வாரத்தில் அவரை ஒன்றுமில்லாத ஒரு பிரிவுக்கு மாற்றினார்கள். அதற்குத்தான் விருந்து. நான் போகாததற்குக் குடி ஒரு காரணம். அவர் முகத்தைப் பார்க்க முடியாது என்பது இன்னொரு காரணம். சபையில் முதல் காரணத்தை மட்டும் சொன்னேன்.

ஜூலை 4

தம்பி பதில் எழுதியிருக்கிறார். பயம்தான் அண்ணா என்கிறார். தகுதிகாண் காலம் இன்னும் நான்கு மாதம், இரவு வீட்டுக்கு வந்தும் மனசு அலுவலகத்திலேயே நிற்கிறது, ஜெபிக்க உட்கார்ந்தால் மறுநாள் வேலைப் பட்டியல்தான் ஓடுகிறது. அப்புறம் ஒரு நல்ல செய்தி, கூட வேலை செய்கிற ஒருவர், "நீ முன்னாடி மதியம் அஞ்சு நிமிஷம் கண்ணை மூடி உட்காருவியே, இப்ப ஏன் இல்ல?" என்று கேட்டாராம். உலகம் உங்கள் ஜெபத்தைக் கணக்கு வைத்திருக்கிறது, பார்த்தீர்களா!

அந்த ஐந்து நிமிடத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர ஜெபத்துக்கு இப்போது திட்டம் போடாதீர்கள், மூன்றாவது நாள் விழுந்துவிடும். வேலைப் பட்டியல் ஓடினால் ஓடட்டும், அதையே ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபியுங்கள். தானியேல் 6:10-இல் ஒரு சின்னச் சொற்றொடர் இருக்கிறது. கட்டளைப் பத்திரத்துக்குக் கையெழுத்து வைக்கப்பட்டது என்று தெரிந்தும் அவன் வீட்டுக்குப் போய், "தான் முன் செய்துவந்தபடியே" தினம் மூன்று வேளையும் ஜெபித்தான். அன்றைக்காக விசேஷமாக எதையும் தொடங்கவில்லை.

(அங்கேயும் ஒரு கையெழுத்து. இத்தனை நாள் கண்ணில் படவில்லை.)

பின்மாற்றமா என்று கேட்டீர்களே. தேய்கிறது என்று உங்களுக்குத் தெரிகிறது. எனக்குக் கையெழுத்துப் போட்ட அன்று தெரியவில்லை.

ஜூலை 12

இதை இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பழைய அலுவலக ஆள் ஒருவரிடம் கேட்டு அந்தப் பக்கத்து மேஜைக்காரரின் எண்ணை வாங்கினேன். கூப்பிட்டேன். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். கையெழுத்து விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எழுதிவைத்துக்கொண்டு பேசினேன், இல்லாவிட்டால் சுற்றி வளைப்பேன் என்று எனக்குத் தெரியும்.

அவருக்குக் கையெழுத்து சரியாக ஞாபகமே இல்லை. "அதை யாராவது போட்டுத்தானே இருப்பாங்க சார், விடுங்க" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஆனா நீங்க அன்னைக்கு விருந்துக்கு வரலை. ஆறு வருஷம் பக்கத்துல உட்கார்ந்திருந்தோம். வருவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

எழுதிவைத்த தாளில் அதற்கு ஒன்றும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டில் பேரனுக்குப் பிறந்த நாளாம். இப்போதாவது வருவீர்களா என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.